தோரிங்கின் தோளில் சுண்ணாம்பு

கப்பலிலிருந்து இறங்கி வந்த மனுசன் ஓரிடத்தில் உட்கார மாட்டான். எங்கள் ஓத்தோன் கடற்கரைத் தெருவில் வீட்டுக்கு ஒரு கப்பல்காரன் இருப்பதால் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் தோரிங் அந்த ரகத்திலும் தனி ரகம். சரக்குக் கப்பலில் பதினெட்டு வருசமாகத் தலைமைச் சமையல்காரன். வீட்டுக்கு வந்த மறுநாளே அடுப்படியைத் தலைகீழாகப் புரட்டிவிடுவான். உப்பு ஜாடி இருந்த இடத்தில் சர்க்கரை இருக்கும், சர்க்கரை இருந்த இடத்தில் சோப்புத்தூள் இருக்கும். கூரையில் ஏறுவான், கோழிக்கூண்டைப் பிரித்துக் கட்டுவான். கோழிகளே அவனைக் கண்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

இந்தத் தடவை அவன் வந்து ஒரு வாரமாகியும் கூரையில் ஏறவில்லை. அதிலேயே தெரு சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். வலது தோள் தூக்க வரவில்லை. தொங்கவிட்டால் சும்மா இருக்கும்; பக்கவாட்டில் கொஞ்சம் தூக்கினால் உள்ளே யாரோ சூட்டுக்கோலை வைத்துத் திருகுவதுபோல் வலிக்கும். அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது, படுத்தால் எழுந்து நடக்க வேண்டும், நடந்தால் வாசலுக்கும் கொல்லைக்குமாக விடியும்வரை நடக்க வேண்டும். அடுத்த கப்பலுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. ஏறுவதற்கு முன்னால் கம்பெனி டாக்டர் சோதிப்பார். சட்டையைக் கழற்றி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்வார். தூக்கினால் கப்பல், தூக்காவிட்டால் வீடு. அவனுடைய இடத்துக்கு இளவட்டச் சமையல்காரர்கள் வரிசைகட்டி நின்றார்கள். ஒருமுறை விட்ட இடம் திரும்பக் கிடைக்காது. கப்பல் இல்லாத தோரிங் எப்படி இருப்பான் என்று தோரிங்குக்கே தெரியாது.

அதனால் வீட்டுக்கு வெளியே வாயைத் திறக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "தோளா? ஜம்முனு இருக்கு" என்றான்.

மூன்று சக்கர வண்டி ஓட்டும் எம்போய் மட்டும் விடவில்லை. "என்ன நோங், எல்லாருக்கும் இடது கையாலயே வணக்கம் வைக்கிறீங்க? வலது கையைக் கப்பல்லயே மறந்துட்டு வந்துட்டீங்களா?" எங்கள் பக்கம் மூத்தவனை நோங் என்றும் மூத்தவளை நாங் என்றும்தான் கூப்பிடுவோம், கிண்டல் பண்ணும்போதும் அந்த மரியாதை குறையாது.

"உன் வாயை மறந்துட்டு வந்தாத் தேவல" என்றான் தோரிங்.

காரணமும் அவனே கண்டுபிடித்து வைத்திருந்தான். பாஸ்மா. இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வியாதி அது. சூடான உடம்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் நரம்பு கெட்டுப்போகும். இஸ்திரி போட்ட கையைக் கழுவக் கூடாது, வெயிலில் வந்த காலை நனைக்கக் கூடாது. தோரிங் பதினெட்டு வருசம் அடுப்பு அனலில் நின்று, அப்படியே திரும்பிக் குளிர் அறைக் கதவைத் திறந்து உறைந்த கோழியை எடுத்தவன். பாஸ்மா வராமல் என்ன செய்யும்? ஆகவே தோளில் கம்பளித் துண்டைச் சுற்றினான். விசிறி கூடாது என்றான். மத்தியானத்துக்கு மேல் குளிக்க மாட்டேன் என்றான். மத்தியானத்துக்கு முன்னாலும் குளிக்கவில்லை.

அவன் பெண்டாட்டி மரிவிக் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கருவாட்டை வெயில்லயாவது போடுறோம். உன்னை எங்க போடுறது?"

வலிக்காரன் சும்மாவா இருப்பான்? வீட்டிலுள்ள ஒவ்வொன்றிலும் குற்றம் கண்டான். கொல்லையில் துணிக்கயிறு இடுப்பு உயரத்துக்குக் கட்டியிருந்தது. குனிந்து போகும்போதெல்லாம் தோள் இடித்து உயிர் போனது. "எந்த மடையன் கயிறை இவ்வளவு தாழ்த்திக் கட்டினது?"

"துணி காய்ஞ்சாப் போதாதா" என்றாள் மரிவிக்.

"முடியை ஏன் வெட்டித் தொலைச்ச? இடுப்புவரைக்கும் எவ்வளவு அழகா இருந்துச்சு!"

"வெயில் தாங்கல."

அதற்கும் முணுமுணுத்தான். ஒருநாள் சட்டை போட முடியாமல் அவன் கண்ணீர் விட்டபோது அவள் வந்து சட்டையைப் பிடுங்கினாள். "வலிக்கிற கையை முதல்ல விடு. நல்ல கை எப்படியும் பின்னால வந்துரும். கழட்டும்போது நல்ல கையை முதல்ல எடு." சட்டை வெண்ணெய்போல ஏறியது. படுக்கும்போது வலிக்கும் கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, விலாவை விட்டுச் சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னாள். அன்றைக்குத்தான் கொஞ்சம் கண்ணயர்ந்தான். "உனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்டான். "துணி மடிக்கிறவளுக்குச் சட்டை போடத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போய்விட்டாள். அவனும் அதோடு விட்டுவிட்டான்.

கடைசியில் அவள்தான் அவனை இலோய்லோ நகரத்துக்கு இழுத்துப் போனாள். கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தோரிங் மூக்குவரை தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, திருட வந்தவன் மாதிரி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். டாக்டர் பான்யெஸ் வயதில் சின்னவர், பொறுமைசாலி. கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னார். பாதி வழியில் தோரிங்கின் முகம் கோணியது. கையை அவரே தாங்கி இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோனார், வலது தோளையும் இடது தோளையும் மாறி மாறி அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே வந்தது. வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு விரலால் தொட்டுக் காட்டினார். கை எலும்பின் உருண்டைத் தலைக்கு மேலே, ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில், பயறு அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு.

"இது பாஸ்மா இல்ல நோங். தோளைத் தூக்குற தசைநார்ல சுண்ணாம்பு படிஞ்சிருக்கு."

"சுண்ணாம்பா? நெத்திலிக் கருவாடு அதிகமாத் தின்னேன் டோக், அதுதானா? இனிமே தொடமாட்டேன்."

"தாராளமாத் தின்னுங்க. சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஏன் படியுதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. நாப்பது அம்பது வயசுல நிறையப் பேருக்கு வருது, பொம்பளைங்களுக்கு இன்னும் அதிகமா வருது. ஒரு நல்ல சேதி சொல்றேன். இவ்வளவு வலிக்குதுன்னா உடம்பே அதைக் கரைக்க ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். கெட்டியாக் கிடக்கும்போது அவ்வளவா வலிக்காது, கரையும்போதுதான் பாடாப்படுத்தும். ஐஸ் வைங்க, மாத்திரை போடுங்க, கையை மெல்ல ஆட்டிக்கிட்டே இருங்க. மாசக்கணக்குல தானாச் சரியாயிரும்."

"மாசக்கணக்கு எங்கிட்ட இல்ல டோக். கப்பல் காத்திருக்காது."

"அப்போ ஊசி விட்டுக் கழுவிரலாம். தோளை மரத்துப்போக வச்சு, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே ஊசியை அந்தச் சுண்ணாம்புக்குள்ள விடுவோம். உப்புத்தண்ணியை உள்ள செலுத்தி, திரும்ப உறிஞ்சி எடுப்போம்."

தோரிங் எழுந்து நின்றான். "தண்ணியா? தோளுக்கு உள்ளயா?"

"ஆமா."

"கொதிச்சுக்கிட்டு இருக்கிற தோளுக்குள்ள தண்ணி ஊத்தப் போறீங்களா!"

அவ்வளவுதான். முன்னால் வெறும் ஐஸ் என்றபோதே அவனுக்குப் பாதி உயிர் போயிருந்தது. ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாகப் படியிறங்கி ஓடிவிட்டான். மரிவிக் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, எக்ஸ்ரேயைச் சுருட்டிக்கொண்டு, சாலையில் அவனைப் பிடித்தாள்.

"புயல் அடிக்கிறப்போ கடல் நடுவுல நின்னு சோறாக்குற ஆளு, ஊசியைக் கண்டு ஓடுது. நாலு பேர் பாத்துச் சிரிக்கிறாங்க."

"ஊசிக்கு இல்லடி, தண்ணிக்கு! கை சுத்தமா விளங்காமப் போனா நீயா வந்து கப்பல்ல சமைப்ப?"

அடுத்து என்ன, வழக்கம்போல நாங் இக்னாசியா வீடுதான். பிள்ளைப்பேறு முதல் கால் சுளுக்குவரை எண்ணெய் போட்டு நீவிவிடும் கை அது. இஞ்சியைத் தட்டிப் போட்ட தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, அவன் தோளில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். தோரிங் போட்ட சத்தத்தில் தெருநாய்கள் குரைத்தன. இரண்டாவது அழுத்துக்கு அவளே கையை எடுத்துவிட்டாள்.

"இது நரம்பு பிசகினதில்ல தம்பி. உள்ள நெருப்பு மாதிரி கொதிக்குது. இதுல நான் கைவச்சா நீ என்னைத்தான் திட்டுவ. பேசாம டாக்டரைப் பாரு."

"பாத்துட்டேன் நாங்."

"பாத்துட்டு இங்க எதுக்கு வந்த, எண்ணெயை வீணாக்க?"

அந்த இரண்டு அழுத்துக்கே தோள் வீங்கி, வலி இரட்டிப்பானது. அடுத்த சில நாட்கள் அவன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் உட்கார்ந்தான். வாசல் மணலில் அவன் நடந்த தடம் பள்ளமாகிவிட்டது. தட்டைத் தொட்டுவிட்டு எழுந்துபோவான், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான், ஏதாவது கப்பல் தெரிந்தால் திரும்பி வந்து கதவைப் படாரென்று சாத்துவான். மரிவிக் எதுவுமே சொல்லவில்லை. அதுதான் அவனை இன்னும் அரித்தது.

"போய்ப் பண்ணிக்கோன்னு ஒரு வார்த்தை சொல்றியா நீ?" என்று ஒருநாள் சண்டைக்குப் போனான்.

அவள் முறத்தில் அரிசியிலிருந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நான் எதுக்குச் சொல்லணும்? கை வராட்டி நீ வீட்டுல இருப்ப. உப்பு ஜாடியை இடம் மாத்தி இடம் மாத்தி வைப்ப. நான் தேடிக்கிட்டுப் போறேன். எனக்கொண்ணும் நட்டமில்ல."

அவள் இருந்துவிடு என்று சொல்கிறாளா, போய்த் தொலை என்று சொல்கிறாளா, அவனுக்குப் பிடிபடவில்லை. மகள் கல்யாணமாகிப் பக்கத்துத் தீவிலுள்ள பகோலோதுக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் இவள் தனியாகத்தான் இருக்கிறாள் என்ற நினைப்பு ஒரு நிமிசம் வந்தது. தோள் ஒரு இழுப்பு இழுத்தது, அந்த நினைப்பு போய்விட்டது.

மறுநாள் காலையில் அவனே தொப்பியைப் போட்டுக்கொண்டு புறப்பட்டான். இடது கையில் பெரிய பிளாஸ்க் ஒன்று.

"அது என்னத்துக்கு?" என்று கேட்டாள் மரிவிக்.

"நீ வா சொல்றேன்."

டாக்டர் பான்யெஸ் முன்னால் பிளாஸ்க்கை வைத்தான். "டோக், ஓடிப்போனதுக்கு மன்னிச்சுக்கோங்க. ஊசி போட்டுக்கிறேன். ஆனா தண்ணி நான் கொண்டுவந்ததுதான். கொதிக்க வச்சு, ஆறவச்சு, இளஞ்சூட்டுல ஊத்தியிருக்கேன். உப்பும் போட்டிருக்கேன், பதமாத்தான் இருக்கும்."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. அவனை உள்ளே அழைத்துப்போய், வெந்நீர்த் தொட்டியில் மிதந்த பாட்டிலை எடுத்து அவன் கன்னத்தில் வைத்தார். "எப்படி இருக்கு?"

"வெதுவெதுன்னு."

"இங்க எப்பவும் சூடாக்கித்தான் எடுப்போம். சூட்டுல சுண்ணாம்பு நல்லாக் கரையும். அன்னைக்கு நீங்க ஒரு நிமிசம் நின்னிருந்தாச் சொல்லியிருப்பேன்."

தோரிங் மரிவிக்கைத் திரும்பிப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

மரப்பு ஊசி எறும்பு கடித்த மாதிரி இருந்தது. பிறகு அழுத்தம் மட்டும்தான் தெரிந்தது. டாக்டர் ஒரு கையால் ஸ்கேன் கருவியைத் தோளில் பிடித்துத் திரையைப் பார்த்துக்கொண்டே மறு கையால் ஊசியை நகர்த்தினார். கொஞ்சம் தண்ணீர் உள்ளே போயிற்று, விரலைத் தளர்த்தினார், திரும்பி வந்தது. போகும்போது தெளிவாகப் போனது, வரும்போது அரிசி கழுவிய தண்ணீராக வந்தது. குழாயை மாற்றி மாற்றித் தண்ணீர் தெளியும்வரை கழுவினார். வீக்கம் அடங்க ஒரு மருந்தையும் கடைசியில் உள்ளே போட்டார். முதல் குழாயை நிமிர்த்தி வைத்தபோது அடியில் வெள்ளையாகப் படிந்தது.

"இந்தத் துளிக்கா இத்தனை ஆட்டம் போட்டேன்?" என்றான் தோரிங். அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

"ரெண்டு நாள் வலிக்கும். அப்புறம் விரலால சுவரைப் பிடிச்சு, மெல்ல மெல்ல மேல ஏறணும். நாங், நீங்க இந்தச் சுவத்துல ஒருதரம் ஏத்திக் காட்டுங்க, நோங் பாத்துக்கட்டும்."

மரிவிக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "வேணாம் டோக், மீன் வெட்டின கை. சுவரு நாறிரும். அவரே செய்யட்டும்."

திரும்பும்போது வண்டி ஓட்டிய எம்போய், பிளாஸ்க் தண்ணீரில் காப்பி கலக்கிக் குடித்துவிட்டு, என்ன நோங் இப்படி உப்புக் கரிக்கிறது என்று வழியெல்லாம் துப்பிக்கொண்டு வந்தான்.

டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. இரண்டு நாள் படுத்தியது, மூன்றாம் நாள் தோரிங் குளித்தான், தெருவே மூச்சுவிட்டது. அடுப்படிச் சுவரில் கரிவிரல் தடம் ஒவ்வொரு நாளும் ஒரு விரற்கடை மேலே ஏறியது. ஒருநாள் தலைக்கு மேலே போய்விட்டது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கூரையில் ஏறி ஓட்டை அடைத்தான், கோழிக்கூண்டைப் பிரித்தான். கம்பெனி டாக்டரின் சோதனை அன்றைக்குக் காலையில், புறப்படும் அவசரத்திலும், கொல்லைக் கயிற்றை அவிழ்த்து மாமரத்துக் கிளைக்கும் கூரைச் சட்டத்துக்குமாக எட்டாத உயரத்தில் இழுத்துக் கட்டினான். "இனி எவன் தோளையும் இது இடிக்காது!" என்று மரிவிக்கிடம் கத்திச் சொல்லிவிட்டு எம்போய் வண்டியில் ஏறிப் போனான்.

கம்பெனி டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினான். முன்னால், பக்கவாட்டில், முதுகுக்குப் பின்னால். "தகுதி" என்று முத்திரை விழுந்தது. மறுநாள் காலை மணிலாவுக்கு விமானம், அங்கிருந்து கப்பல். வறுத்த கோழி ஒன்றை வாங்கிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான். வீட்டில் ஆளில்லை. கொல்லைக்குப் போனான்.

மரிவிக் கவிழ்த்துப்போட்ட சலவைத் தொட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தாள். ஈரப் போர்வையை இடது கையால் கயிற்றுக்கு வீசினாள். அது விழுந்தது. எடுத்து மறுபடி வீசினாள். வலது கை விலாவோடு ஒட்டி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கினாள், தோள் உயரத்துக்குக் கீழேயே நின்றுபோயிற்று. அந்த முகக்கோணல் தோரிங்குக்கு நன்றாகத் தெரியும். வாரக்கணக்கில் கண்ணாடியில் பார்த்த கோணல் அது.

கோழிப் பொட்டலம் கீழே விழுந்தது.

"இறங்கு" என்றான். அவளைப் பிடித்து இறக்கினான். "பக்கவாட்டுல தூக்கு."

"ஒண்ணுமில்ல தோரிங், வழுக்கிருச்சு..."

"தூக்குன்னு சொல்றேன்ல!"

தூக்கினாள். பாதியில் நின்றது. அவன் டாக்டர் செய்த மாதிரியே முழங்கைக்கு அடியில் தாங்கி ஒரு விரற்கடை மேலே கொண்டுபோனான். அவளுக்குக் கண்ணில் நீர் தெறித்தது. தோளின் வெளிப்பக்கம் தொட்டான், கையைத் தட்டிவிட்டாள்.

"எப்பவிருந்து?"

"போன தடவை நீ கப்பல் ஏறின பிறகு."

தாழ்ந்திருந்த கயிறு. வெட்டிய முடி. சட்டையும் தலையணையும். மீன் வெட்டின கை. ஒவ்வொன்றாக அவன் மண்டையில் வந்து விழுந்தது. அத்தனையையும் பார்த்தும் எதையும் புரிந்துகொள்ளாமல், குற்றம் மட்டும் சொல்லியிருந்தான்.

"ஏன்டி சொல்லல?"

"எப்ப சொல்றது?" அவள் குரல் உடைந்தது. "நீ இங்க இருக்கிறதே ரெண்டு மாசம். வந்து இறங்கும்போதே ஐயோ தோள், அம்மா தோள்னு வந்த. எனக்கும்தான்னு நான் போட்டிக்கு நிக்கவா? முதல்ல இஸ்திரி போட்டுக் கை கழுவின பாஸ்மான்னு நெனச்சேன். டாக்டர் உன் எக்ஸ்ரேயைக் காட்டும்போதுதான் இதுவாத்தான் இருக்கும்னு தோணுச்சு. சரி, உன்னுது முடியட்டும்னு இருந்தேன். இப்ப என்ன? நீ போயிட்டு வா. அப்புறம் பாத்துக்கலாம்."

இந்த வார்த்தையை ஒவ்வொரு தடவை புறப்படும்போதும் அவள் சொல்லியிருக்கிறாள். நீ போயிட்டு வா, அப்புறம் பாத்துக்கலாம். மகளின் காய்ச்சலுக்கு, கூரை பறந்த புயலுக்கு, அவள் அம்மா செத்ததற்கு. அப்போதெல்லாம் நிம்மதியாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். அவமானம் அவன் முகத்தில் நெருப்பாக ஏறியது. தொட்டியின் மேல் உட்கார்ந்தான்.

செல்பேசியை எடுத்து டாக்டர் பான்யெஸின் ஆஸ்பத்திரிக்குப் பேசினான். அடுத்த வெள்ளிக்கிழமைதான் எக்ஸ்ரேக்கும் பார்க்கவும் நேரம் இருந்தது. சரி என்றான். பேசி முடித்த கையோடு ஏஜென்சிப் பெண் கூப்பிட்டாள்.

"வாழ்த்துகள் நோங்! காலையில டிக்கெட் ரெடி. கப்பல்ல எல்லாரும் உங்க சமையலுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க."

மரிவிக் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போ என்பதுபோல் தலையசைத்தாள்.

"மேடம், என்னால வர முடியாது. தோள் வலி. வலது கையைத் தூக்கவே முடியல."

"என்ன நோங் விளையாடுறீங்களா? இன்னைக்குக் காலையிலதானே தகுதின்னு முத்திரை வாங்கினீங்க?"

"காலையில தெரியல மேடம். இப்பத்தான் பாத்தேன். ரொம்ப நாளா இருந்திருக்கு."

"வேற ஆளைப் போட்டுருவாங்க நோங். உங்க இடம் போயிரும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"போடச் சொல்லுங்க மேடம்" என்றான். சொல்லிக்கொண்டே கீழே கிடந்த ஈரப் போர்வையை எடுத்து, வலது கையைத் தலைக்கு மேலே நீட்டி, ஒரே வீச்சில் கயிற்றின் மேல் போட்டான்.